முயல் படமும் பணப்பையும்: க்ரூயல்டி ஃப்ரீ மேக்கப் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

விலங்குகள் மேல் சோதித்துப் பார்க்காத, அதாவது க்ரூயல்டி ஃப்ரீ மேக்கப் மட்டும்தான் வாங்குவது என்று முடிவெடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து தோழிகளும் தங்கைமாரும் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பணத்தைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள்; அதிலிருந்தே தொடங்கலாம்.

இதெல்லாம் கையில் காசு புரள்கிறவர்களுக்குத்தானே?

இல்லை. ஒரு லிப்ஸ்டிக்கின் விலையில் பெரும்பங்கு எதற்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். டப்பா, விளம்பரம், நடிகை, கடையில் பிடிக்கும் இடம், பிராண்டின் பெயர். ஏற்கெனவே பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும் மெழுகு, எண்ணெய், நிறமிகளை வைத்துச் செய்கிற பொருளுக்குப் புதிதாக எந்த விலங்குச் சோதனையும் தேவைப்படாது. ஆகவே அதைச் செய்யாமல் விடுவதால் விலை ஏறுவதற்கு வழியே இல்லை.

விலை குறைந்த வரிசையிலேயே எல்ஃப், என்ஒய்எக்ஸ், கவர்கேர்ள் என்று, விலங்குச் சோதனை இல்லை என்ற முத்திரை பெற்றவை இருக்கின்றன. கவர்கேர்ள் 2018-ல் லீப்பிங் பன்னி என்ற முயல் முத்திரைச் சான்றிதழ் வாங்கியபோது, மளிகைச் சாமான் வாங்கும் கடையிலேயே முயல் படம் போட்ட மஸ்காரா கிடைக்க ஆரம்பித்தது. இன்னொரு பக்கம், மிக விலை உயர்ந்த பிராண்டுகள் பல எந்தச் சான்றும் இல்லாமல் இருக்கின்றன. விலைக்கும் கருணைக்கும் சம்பந்தமே இல்லை என்பதை முதலிலேயே மனத்தில் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

செலவு கூடுவதாகத் தோன்றுவதற்கு உண்மையான காரணம் வேறு. மனம் மாறிய அன்றே மேக்கப் பை முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பக் கிளம்புகிறோம். நானும் அதைச் செய்தேன். அந்த மாதக் கணக்கை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்படியானால் வீட்டில் ஏற்கெனவே இருப்பதை என்ன செய்வது?

பூசித் தீர்த்துவிடுங்கள். காசு கடைக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. இன்று குப்பையில் போடுவதால் எந்த முயலுக்கும் நன்மை இல்லை. ஒன்று தீர்ந்த பிறகு அதன் இடத்துக்கு மட்டும் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். இப்படி ஒவ்வொன்றாக மாற்றினால் தனியாகப் பட்ஜெட் என்றே ஒன்று தேவைப்படாது. எப்படியும் செலவாகியிருக்கும் பணம்தான் அது. மனசு ஒப்பவில்லை என்றால், திறக்காததை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.

'க்ரூயல்டி ஃப்ரீ' என்று அட்டையில் போட்டிருந்தால் போதாதா?

போதாது. அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்குச் சட்டப்படி எந்த வரையறையும் கிடையாது. அங்குள்ள உணவு மற்றும் மருந்து நிர்வாகமே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

அதனால் வாசகத்தை வக்கீல் போலப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். "இந்தத் தயாரிப்பு விலங்குகள் மேல் சோதிக்கப்படவில்லை" என்றால், முடிந்த பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். அதில் சேர்ந்த மூலப்பொருட்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நாங்கள் சோதிப்பதில்லை" என்றால், கூலிக்குச் சோதித்துத் தரும் ஆய்வகமோ மூலப்பொருள் விற்பவரோ செய்திருக்க இடமிருக்கிறது. இவை எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் தருவது "சட்டம் கோரும் இடங்களைத் தவிர" என்ற வால். அந்த வால் இருந்தால், சோதனை கேட்கும் நாட்டில் விற்பதற்கு அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

எந்த முயலை நம்புவது? ஆளாளுக்கு ஒரு முயல் வரைந்து வைத்திருக்கிறார்களே!

உண்மைதான். அட்டையில் ஓர் அழகான முயலை வரைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. முக்கியமாக இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது லீப்பிங் பன்னி. பக்கவாட்டில் தாவும் முயல், கூடவே நட்சத்திரங்கள். அமெரிக்காவில் 1996-ல் பல விலங்குநல அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய திட்டம். க்ரூயல்டி ஃப்ரீ இன்டர்நேஷனல் என்ற அமைப்பும் இதை நடத்துகிறது. இதில் சேர நிறுவனம் ஒரு தேதியைக் குறிக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு முடிந்த பொருளிலும் சரி, மூலப்பொருளிலும் சரி, புதிதாக விலங்குச் சோதனை கூடாது. மூலப்பொருள் கொடுப்பவர்களையும் கண்காணிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தணிக்கைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். உறுதிமொழியை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது பீட்டா அமைப்பின் பட்டியல். இதில் நிறுவனம் தன் சார்பிலும் மூலப்பொருள் தருபவர்கள் சார்பிலும் எழுத்துப்பூர்வமாக உறுதி கொடுக்கிறது. தணிக்கை அவ்வளவு கடுமையானதில்லை. ஆனால் விலங்குச் சோதனை இல்லாதவை, அதோடு வீகனாகவும் (விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராமல்) இருப்பவை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவது வசதி. நான் முதலில் தேடுவது லீப்பிங் பன்னியை. அது இல்லாவிட்டால் பீட்டா பட்டியல்.

ஒரு சின்ன விஷயம். முத்திரையை அட்டையில் அச்சிட உரிமக் கட்டணம் உண்டு. அதனால் பட்டியலில் பெயர் இருந்தும் அட்டையில் முயல் இல்லாத சிறிய பிராண்டுகள் இருக்கின்றன. அட்டையைப் பார்த்து ஏமாந்து திரும்பி வராமல், இந்த இரு அமைப்புகளின் இணையதளத்திலும் பெயரைத் தட்டிப் பாருங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

பல நாடுகளில் சட்டமே தடை செய்துவிட்டதே. பிறகு எதற்கு முத்திரை?

ஐரோப்பிய ஒன்றியம் முடிந்த பொருட்களின் சோதனையை 2004-லும், மூலப்பொருட்களின் சோதனையை 2009-லும் தடை செய்தது. 2013 மார்ச் மாதத்திலிருந்து, அழகுசாதனத்துக்காக வேறெங்கோ சோதித்த சரக்கையும் அங்கே விற்க முடியாது. இஸ்ரேல், இந்தியா, மெக்சிகோ, கனடா என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நல்ல சேதிதான்.

ஆனால் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. ஒரே வேதிப்பொருள் இரண்டு சட்டங்களுக்குள் வருவதுதான் சிக்கல். முகத்தில் பூசுபவருக்கு அழகுசாதனச் சட்டம். அதே பொருளைத் தொழிற்சாலையில் பீப்பாய் பீப்பாயாகக் கையாளும் தொழிலாளிக்கு ரசாயனப் பாதுகாப்புச் சட்டம். இந்த இரண்டாவது சட்டத்தின் பேரில், சன்ஸ்கிரீன் போன்ற அழகுசாதனங்களில் மட்டுமே பயன்படும் இரண்டு பொருட்களுக்கு விலங்குச் சோதனை செய்யும்படி ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை கேட்டது. அவற்றைத் தயாரிக்கும் ஜெர்மனியின் சிம்ரைஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. 2023 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் முகமையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆக, 'ஐரோப்பாவில் செய்தது' என்ற ஒரு வரியை மட்டும் வைத்து நான் எதையும் வாங்குவதில்லை.

சீனாவில் விற்றால் க்ரூயல்டி ஃப்ரீ கிடையாது என்கிறார்களே?

நேற்று வரை அது ஏறக்குறைய சரி. இன்று அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

முன்பு, வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வோர் அழகுசாதனமும் அங்கே கடைக்குப் போகும் முன் விலங்குச் சோதனையைத் தாண்ட வேண்டியிருந்தது. 2017-ல் நார்ஸ் என்ற மேக்கப் பிராண்ட் அந்தச் சந்தைக்குள் நுழைந்தபோது பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தது அதனால்தான். 2014-ல் உள்நாட்டில் தயாராகும் சாதாரண வகைகளுக்கு விலக்கு வந்தது. 2021 மே மாதத்திலிருந்து இறக்குமதியாகும் சாதாரண வகைகளும் தரமான உற்பத்திக்கான சான்றும் பாதுகாப்பு மதிப்பீடும் காட்டினால் தப்பிக்கலாம். லிப்ஸ்டிக், ஐஷேடோ, மஸ்காரா எல்லாம் இந்தச் சாதாரண வகைக்குள் அடங்கும். தலைச்சாயம், சன்ஸ்கிரீன், நிறத்தை வெளுப்பாக்கும் கிரீம் போன்றவை சிறப்பு வகை; அவற்றுக்கு விலக்குக் கிடையாது. வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வரும் பார்சலுக்கு முன்பிருந்தே அந்த விதி இல்லை.

எனவே 'சீனாவில் விற்கிறார்களா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'எதை, எந்த வழியில் விற்கிறார்கள்' என்றும் கேளுங்கள். அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை என்றால் லீப்பிங் பன்னியைப் பாருங்கள். அவர்கள் அதையும் அலசித்தான் சான்று தருகிறார்கள்.

பிராண்ட் நல்லது, தாய் நிறுவனம் அப்படியில்லை. வாங்கலாமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. என்ஒய்எக்ஸும் அர்பன் டிகேயும் லோரியல் குடும்பம். டூ ஃபேஸ்ட் எஸ்டி லாடர் குடும்பம். அந்தப் பெரிய வீடுகளின் எல்லாப் பிராண்டுகளுக்கும் முத்திரை இல்லை. லாபம் கடைசியில் ஒரே பெட்டிக்குத்தான் போகிறது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நல்ல பிராண்ட் விற்றால்தான் பெரிய வீட்டுக்கு உறைக்கும் என்று சிலர் வாங்குகிறார்கள். நான் இரண்டாவது கட்சி. கையில் பணம் குறைவாக உள்ளவரிடம் போய் 'தாய் நிறுவனத்தையும் பார்' என்று சொல்வது, இருக்கும் சில கதவுகளையும் அடைப்பது மாதிரி என்பது என் எண்ணம்.

வீகன் என்றாலும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. க்ரூயல்டி ஃப்ரீ என்பது எப்படிச் சோதித்தார்கள் என்பதைப் பற்றியது. வீகன் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. முயல் முத்திரை உள்ள சிவப்பு லிப்ஸ்டிக்கில் கார்மைன் இருக்கலாம். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி நசுக்கி எடுக்கும் சிவப்பு அது. லேபிளில் சி.ஐ. 75470 என்ற எண்ணாகவும் ஒளிந்திருக்கும். தேன்மெழுகு, ஆட்டு ரோமத்திலிருந்து வரும் லேனோலின், மீன் செதிலில் எடுக்கும் குவானின் என்ற மினுமினுப்பு, அரக்கு ஆகியவையும் அடிக்கடி தென்படும். மறுபக்கம், பூச்சி, மெழுகு எதுவுமே இல்லாத முழுத் தாவரக் கிரீமை முயலின் தோலில் தடவிப் பார்த்திருக்கவும் கூடும்.

இரண்டும் வேண்டும் என்பவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பட்ஜெட் குறுக்கே வந்தால் முதலில் சோதனை விஷயத்தைச் சரிசெய்வேன். மெழுகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விலங்கிடம் சோதிக்காததை என் கண்ணில் பூசிக்கொள்வதா? பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். இந்தச் சோதனைகள் வந்த கதையே ஒரு கண் மையிலிருந்துதான் தொடங்குகிறது. 1930-களில் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் அமெரிக்காவில் பெண்களின் பார்வையைப் பறித்தது. அதுபோன்ற கொடுமைகளின் விளைவாக 1938-ல் அழகுசாதனங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1944-ல் ஜான் டிரைஸ் என்ற அரசு விஞ்ஞானி ஒரு முறையை வெளியிட்டார். முயலின் கண்ணில் பொருளை விட்டு, நாட்கணக்கில் சிவப்பையும் புண்ணையும் பார்த்து மதிப்பெண் போடும் முறை. இத்தகைய முத்திரைகள் பலவற்றில் முயல் படம் இருப்பதற்குக் காரணம் இதுதான். 1980-ல் ஹென்றி ஸ்பைரா என்ற விலங்குரிமைப் போராளி ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்தைக் குறிவைத்து நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். அந்த நெருக்கடியில் மாற்றுமுறை ஆராய்ச்சிக்கு ரெவ்லான் 7,50,000 டாலர் ஒதுக்கியது.

அந்த ஆராய்ச்சிகளின் பலனை இன்று நாம் அனுபவிக்கிறோம். மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் அடுக்கடுக்காக வளர்த்து, அதன் மேல் பொருளைத் தடவி எரிச்சலை அளக்கிறார்கள். ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2010-லேயே இதற்கு 439 என்ற எண்ணில் வழிகாட்டு முறை வெளியிட்டது. கண்ணின் மேற்படலத்துக்கும் அப்படி ஒரு மாதிரி இருக்கிறது. முயல் தோல் நம் தோல் கிடையாது என்பதால், மனிதச் செல்லில் பார்ப்பதுதான் பொருத்தமும் கூட.

ஒவ்வாமை தனிக்கதை. எந்தச் சோதனையைத் தாண்டி வந்த பொருளும் உங்கள் ஒருவருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசி ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

கையில் மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பெரிய கிட் வாங்காதீர்கள். இருபத்தைந்து நிறம் உள்ள ஐஷேடோ பெட்டியில் நான்கைத்தான் தொடுவோம். மீதி இருபத்தொன்றுக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருப்போம். தினமும் கை போகிற மூன்று பொருட்களை எழுதுங்கள். என்னுடையவை ஐலைனர், மஸ்காரா, ஒரு லிப்ஸ்டிக். அவ்வளவுதான் முதல் பட்டியல்.

மஸ்காராவில் அதிகம் செலவழிப்பது வீண் என்று அடித்துச் சொல்வேன். கண்ணுக்குப் பக்கத்தில் போய்வரும் பிரஷ் ஒவ்வொரு முறையும் கிருமியோடு குழாய்க்குள் திரும்புகிறது; திறந்து மூன்று மாதத்தில் தூக்கிப்போட வேண்டிய பொருள் அது. விலை குறைந்த பிராண்டின் மஸ்காரா போதும். எப்போதாவது மட்டும் போடுபவர் என்றால் சின்ன அளவு வாங்குங்கள். மில்லிலிட்டர் கணக்கில் அது விலை கூடுதலாகத் தெரியும். ஆனால் பெரிய குழாயில் பாதியைக் காயவிட்டு எறிவதோடு ஒப்பிட்டால் லாபம்.

பவுடர் வகை நேரெதிர். நீர்ச்சத்து இல்லாததால் நெடுநாள் தாங்கும். ஒரு நல்ல ப்ளஷ் வருடக்கணக்கில் வரும். திறந்த டப்பா படத்துக்குள் 6, 12, 24 என்று ஓர் எண் இருக்கும். திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது அது. வாங்கும்போதே அதைப் பார்த்து, 'இவ்வளவு நாளில் இதைத் தீர்ப்பேனா' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே பொருளில் இரண்டு வேலை வாங்குவது இன்னொரு வழி. கிரீம் லிப்ஸ்டிக்கை விரல் நுனியில் எடுத்துக் கன்னத்தில் தட்டினால் ப்ளஷ். பழுப்பு ஐஷேடோவைச் சாய்வு பிரஷில் தொட்டால் புருவத்துக்கு ஆயிற்று. ஆனால் கன்னத்துக்கோ உதட்டுக்கோ என்று செய்ததைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். சில நிறமிகளுக்குக் கண் அருகே அனுமதி கிடையாது.

விலையை ஒப்பிடும்போது டப்பாவின் பருமனைப் பார்க்காமல், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் கிராம் எண்ணைப் பாருங்கள். விலையைக் கிராமால் வகுத்தால் உண்மை வெளியே வரும். கனமான மூடிக்குள் இத்துனூண்டு பொருளை வைத்து விற்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை.

ஓரளவு செலவழிக்க முடியும். எதில் கூட்டிப் போடலாம்?

ஃபவுண்டேஷன், கன்சீலர். இவற்றில் நிறம் சரியாக அமையாவிட்டால் எவ்வளவு மலிவும் நஷ்டம்தான். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் விலை குறைந்த வரிசைகளில் நிறங்கள் சட்டென்று தீர்ந்துவிடும்; கடைசி நிறமே முகத்தில் சாம்பல் பூசியது போல நிற்கும். அந்த வலியை அனுபவித்தவள் என்ற முறையில், இந்த ஒரு பொருளுக்கு ஒரு படி மேலே ஏறலாம் என்பேன். வாங்கும் முன் தாடையோரம் பூசி, கடை விளக்கை விட்டு வெளியே வெயிலுக்கு வந்து, அரை மணி கழித்துப் பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும் கறுக்கும்.

டார்ட், அர்பன் டிகே, டூ ஃபேஸ்ட் போன்ற பெயர்கள் இந்த நடுப்படியில் வரும். மூன்றும் பீட்டா பட்டியலில் இடம்பெற்றவை. கைமாறும் நிறுவனங்கள் கொள்கையும் மாற்றுவதுண்டு. வாங்குகிற அன்றைக்கு ஒரு தடவை பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

பணம் பிரச்சினையே இல்லை என்றால்?

கொடுத்து வைத்தவர்! ஹவர்கிளாஸ், சார்லட் டில்பரி இரண்டும் முத்திரை பெற்றவை. ஹவர்கிளாஸ் 2021-ல் கார்மைனுக்கு மாற்றாகப் பூச்சி இல்லாத ஒரு சிவப்பையே உருவாக்கிக் கொண்டுவந்தது. டப்பாவை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றும் ரீஃபில் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

பிரஷ்களையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். பலர் மறந்துவிடும் இடம் இது. அணில், ஆடு, மிங்க், சேபிள் முடியில் செய்த பிரஷ்கள் உண்டு. 'இயற்கை முடி' என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஏதோ ஒரு பிராணியின் முடிதான். டக்லான் போன்ற செயற்கை இழைகள் விலையும் குறைவு, கழுவுவதும் சுலபம், கிரீம் வகைகளைக் குடிக்கவும் குடிக்காது. போலி இமைகளிலும் மிங்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாதி விலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது, வாங்கட்டுமா?

பெயர் தெரியாத ஓர் இணைய விற்பனையாளரிடம் நான் ஒருமுறை பாதி விலைக்கு ஒரு பேலட் வாங்கினேன். பெட்டியில் இருந்த முயலுக்கு நட்சத்திரத்தைக் காணோம். எழுத்தும் லேசாகக் கோணல். பூசிய மறுநாள் இமை வீங்கிவிட்டது. போலிச் சரக்கில் உள்ளே என்ன இருக்கிறது, யார் மேல் என்ன சோதித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிராண்டின் சொந்தத் தளம், அவர்கள் பெயர் சொல்லி அங்கீகரித்த கடை, இந்த இரண்டில் வரும் தள்ளுபடிக்குக் காத்திருப்பது நல்லது. பழைய பேக்கிங் தீர்க்கும் நேரத்தில் அங்கேயே நிறைய விலை குறையும்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத சிறிய பிராண்ட் ஒன்று பிடித்திருக்கிறது. என்ன செய்ய?

மின்னஞ்சல் போடுங்கள். 'நீங்கள் விலங்குச் சோதனை செய்வீர்களா' என்று கேட்டால் 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: முடிந்த பொருளையோ மூலப்பொருளையோ நீங்களோ உங்களுக்காக வேறு யாராவதோ சோதிக்கிறீர்களா? மூலப்பொருள் தருபவர்களிடம் எழுத்தில் உறுதி வாங்கியிருக்கிறீர்களா, எந்த வருடம்? விலங்குச் சோதனை கேட்கும் எந்த நாட்டிலாவது கடைகளில் விற்கிறீர்களா?

கேட்டதற்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி, கூடவே மூலப்பொருள்காரர் கடிதத்தையும் இணைத்து அனுப்பிய ஒருவரிடம் நான் இன்றும் லிப் பாம் வாங்குகிறேன். இன்னோர் இடத்திலிருந்து 'நாங்கள் விலங்குகளை மிகவும் நேசிக்கிறோம்' என்று இதயப் படத்தோடு ஒரு வரி வந்தது. அங்கே வாங்கவில்லை.